கம்பெனி செட்டை மாற்றாமல் ஆம்ப், சப்வூஃபர்: சிக்னல் எங்கே எடுப்பது, எர்த் எங்கே கொடுப்பது?

#1 டிக்கி268

வண்டி 2022 ஸ்விஃப்ட். கம்பெனி 7 அங்குல டச் செட் அப்படியே இருக்கணும். ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோட கோர்த்துக் கிடக்கு. சேர்க்க நினைப்பது ஒரு 12 அங்குல சப் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்), ஒரு மோனோ ஆம்ப் (ஒரே சேனல் உள்ளது). கதவு ஸ்பீக்கர்களை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. கூலியோட 25,000 ரூபாய்க்குள் முடிக்கணும்.

செட்டுக்குப் பின்னாடி ஆர்சிஏ சாக்கெட்டே (ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கிற வட்ட சாக்கெட்) இல்லை. சிக்னல் எங்கிருந்து எடுப்பது? கடையில் காட்டிய ஆம்ப் மேல் "1500 வாட்" என்று பெருசா போட்டிருக்கு, அதுக்கு 8 கேஜ் ஒயர் கிட் போதும் என்கிறார்கள். சரியா? கம்பெனி ஒயரை வெட்டினால் வாரண்டி என்னாகும்? கடைசியா, சப் பெட்டி சீல்டா (முழுக்க மூடினது) போர்ட்டடா (காற்றுக்குக் குழாய் வைத்தது)? டிக்கியில் பாதியாவது பைகள் வைக்க வேணும்.

#2 ஓம்விதி

சிக்னலில் தொடங்குவோம். அது தப்பானால் மற்றதெல்லாம் வீண்.

கம்பெனி செட்டுக்குள் ஒரு சின்ன ஆம்ப் ஐசி (சிப்) இருக்கிறது. அது ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் ஓட்டுகிறது. மைனஸ் என்று நாம் கூப்பிடும் கம்பி எர்த் அல்ல. செட் ஓடும்போது மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து அந்தக் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள், சுமார் 6 வோல்ட் நிற்கும். பிளஸ் கம்பியிலும் அதே 6. ஸ்பீக்கருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே தெரிவதால் அது சும்மா இருக்கிறது. இந்த மைனஸைப் பாடியில் தொட்டால் ஐசி பாதுகாப்புக்குப் போகும். சில சமயம் திரும்பி வராது.

"4×50 வாட்" என்பது அந்த ஐசி-யை முட்டித் தள்ளிய உச்ச எண். திரிபு இல்லாமல் வருவது சேனலுக்கு 20 வாட் சொச்சம். 4 ஓம் ஸ்பீக்கரில் 20 வாட் என்றால் சுமார் 9 வோல்ட். ஆம்பின் ஆர்சிஏ இன்புட் எதிர்பார்ப்பது பெரும்பாலும் 4, 5 வோல்ட்டுக்குள். ஆகவே ஸ்பீக்கர் ஒயரை வெட்டி ஆர்சிஏ பின்னை ஒட்டும் குறுக்கு வழி வேண்டாம். முறையான வழி இரண்டு.

ஒன்று, ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப். அதற்கென்று தனி சாக்கெட் இருக்கும், ஸ்பீக்கர் ஒயர் நேராக அதில் போகும். இப்படிப்பட்ட ஆம்ப்களில் பல அந்த 6 வோல்ட்டைப் பார்த்தே தானாக ஆன் ஆகும். ஆம்பை ஆன் செய்யும் தனி ரிமோட் ஒயர் தேவையில்லை. உங்களுக்கு நான் சொல்வது இதுதான், வாங்க வேண்டிய பாகம் ஒன்று குறைகிறது.

இரண்டு, லைன் அவுட்புட் கன்வெர்ட்டர். பழகிய பெயர் எல்ஓசி. கையில் ஏற்கெனவே ஆர்சிஏ மட்டும் உள்ள ஆம்ப் இருந்தால் இது. ரிமோட் அவுட் தரும் மாடலாகப் பாருங்கள்.

எங்கே தட்டுவது என்றால் பின் கதவு ஸ்பீக்கர்கள் இரண்டிலும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அந்தப் பக்கத்தில் பதிவான பேஸ் மட்டுமே சப்புக்கு வரும். பின்பக்கம் எடுப்பதில் இன்னொரு வசதி, செட்டின் ஃபேடரே (முன், பின் ஸ்பீக்கர் சத்தத்தைப் பங்கிடும் செட்டிங்) சப் வால்யூம் மாதிரி வேலை செய்யும். முன்பக்கம் ஃபேடரைத் தள்ளினால் சப் குறையும்.

#3 கம்பிக்காரன்

1500 வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம் தம்பி. ஆம்பைத் திருப்பிப் பாரு, பின்னாடி ஃப்யூஸ் குத்தியிருக்கும். அதுல என்ன நம்பர்னு பாரு. 30 ஆம்பியர்னா, 13.8 வோல்ட்டோட பெருக்கினா உள்ளே போறதே 414 வாட். கிளாஸ் டி ஆம்ப் அதுல 80 சதவீதம் வெளியே தரும்னு வெச்சா 330. மீதி 1170 வாட் அட்டைப்பெட்டியில அச்சடிச்சதோட சரி. ஸ்பெக் ஷீட்ல "சிஇஏ 2006" னு இருந்தா நம்பலாம், 14.4 வோல்ட்ல, 1 சதவீதத்துக்கு மேல திரிபு இல்லாம அளந்த நம்பர் அது.

ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கேபினுக்கு நிஜமான 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற வாட்) தாராளம். அதுக்கு மேல போனா நம்பர் பிளேட் பாடும், பாட்டு கேக்காது.

இப்போ ஒயர். பானெட்ல இருந்து டிக்கி வரை 5 மீட்டர் வை. 30 ஆம்பியர் ஓடும்போது நஷ்டம் இப்படி வரும்:

நிஜ செம்பு 4 கேஜ், அதாவது 21 ஸ்கொயர் எம்எம்: 0.12 வோல்ட்.
நிஜ செம்பு 8 கேஜ், 8.4 ஸ்கொயர் எம்எம்: 0.31 வோல்ட்.
செம்பு பூசின அலுமினியம் 8 கேஜ்: அரை வோல்ட்.
8 கேஜ்னு பேரை மட்டும் போட்டு உள்ளே 5 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் வெச்ச கிட்: 0.83 வோல்ட்.

கடைசி ரகம்தான் கிட் பாக்கெட்ல அதிகம் வருது. மேல ரப்பர் மட்டும் பெருவிரல் தடிமன். பிளேடால ஒரு இழையைச் சுரண்டு. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். நஷ்டத்தைவிட பெரிய வம்பு, அலுமினிய இழை டெர்மினல் ஸ்க்ரூவுக்குக் கீழே நாளாக நாளாக அமுங்கித் தளரும், சூடாகும், பிளாஸ்டிக் கருகும். கிட் வாங்காதே. 4 கேஜ் செம்பு 6 மீட்டர், அதே ஒயர்ல அரை மீட்டர் எர்த்துக்கு, ஃப்யூஸ் ஹோல்டர் ஒண்ணு, லக்கு (ஒயர் முனையில அமுக்கற வளையம்) நாலு, தனித்தனியா வாங்கு. எலக்ட்ரிகல் கடையில 25 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள் செம்புல கிடைக்கும். அதுவும் ஓடும், வளைக்கவும் சுலபம். ஆனா ஆம்ப் டெர்மினல் ஓட்டையில நுழையுதான்னு முதல்ல பாரு.

#4 டிக்கி268

அந்த ஃப்யூஸ் கணக்கு கண்ணைத் திறந்தது. கடை ஆம்பில் 25 ஆம்பியர் ஒண்ணுதான் இருந்தது! அப்போ அது 275 வாட்டா?

எர்த்தை பேட்டரி மைனஸ் வரைக்கும் இன்னொரு ஒயர் இழுத்துக் கொடுத்தால் சுத்தமா இருக்குமா, இல்லை பாடியே போதுமா?

#5 கம்பிக்காரன்

ஆமா, 275 தான். சப் அதுக்குத் தகுந்ததா இருந்தா அதுவே போதும்.

எர்த் பாடியிலயே கொடு. உன் வண்டியில ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் உண்டு. இந்த மாதிரி வண்டிகள்ல மைனஸ் முனையில ஒரு சின்ன கறுப்பு டப்பா, அதுல மெல்லிசா ஒயர் போகுதுன்னா அது பேட்டரி சென்சார். எர்த்தை நேரா பேட்டரி முனையில மாட்டினா ஆம்ப் இழுக்கிற கரண்ட் சென்சார் வழியா போகாது. வண்டி தப்புக் கணக்குப் போடும், பேட்டரி ஃபுல்லா இருக்குன்னு நினைச்சு சார்ஜிங்கைக் குறைக்கும். பாடியில கொடுத்தா எல்லாம் சென்சார் வழியா ஒழுங்கா திரும்பும்.

கொடுக்கிற முறை: டிக்கி தரையில ஆம்புக்கு 45 சென்டிமீட்டருக்குள்ள ஒரு இடம். பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய். வெள்ளி மாதிரி இரும்பு தெரியணும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டமா. லக்கு நேரா அந்த இரும்புல உக்காரணும்; மேல பல் வாஷர், அதுக்கு மேல எம்8 போல்ட். ஓட்டை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து பெட்ரோல் டேங்கும் பைப்பும் எங்கே போகுதுன்னு பாத்துக்கோ. முடிஞ்சதும் மேல பெயிண்ட் அடி, இல்லேன்னா தூத்துக்குடி, சென்னைக் காத்துக்கு ஆறே மாசத்துல துரு. சீட் பெல்ட் போல்ட்ல மட்டும் லக்கு மாட்டாதே. நல்ல எர்த் கிடைக்கும்னு பல பேர் செய்றாங்க, ஆனா அது உயிரைப் பிடிக்கிற போல்ட், நடுவுல எதுவும் வரக்கூடாது.

எர்த் சரியா இருக்கான்னு ஓம் மீட்டர்ல பாக்காதே. அரை ஓமுக்குக் கீழே சாதா மீட்டர் சொல்றது எல்லாம் ஜோசியம். பாட்டை நல்லா சத்தமா ஓடவிட்டு, ஆம்போட எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல டிசி வோல்ட் பாரு. 0.2 தாண்டினா போல்ட்டைக் கழட்டித் திரும்பத் தேய்.

#6 பெட்டிக்கடை

பெட்டி நம்ம பாடு. டிக்கியே 268 லிட்டர், அதில் பாதி வேண்டும் என்றால் சீல்டுதான். 12 அங்குல சப்புக்கு 28 லிட்டர் பக்கம் போதும். எந்த சப் என்று முடிவானதும் அதன் தாளில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள், அதுவே இறுதி.

உள்ளளவு 44×34×20 சென்டிமீட்டர் வைத்தால் 29.9 லிட்டர். வூஃபரின் காந்தமும் கூடையும் 2 லிட்டர் அளவு தின்னும், மீதி 28. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை) என்றால் வெளியளவு 47.6×37.6×23.6. வெறும் பெட்டியே 10 கிலோ வரும், வூஃபர் தனி.

தச்சரிடம் சொல்ல வேண்டியது: ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முதலில் மெல்லிய ஓட்டை, இல்லையென்றால் எம்டிஎஃப் ஓரம் பிளக்கும். மூட்டு முழுக்க ஃபெவிகால், உள் மூலைகளில் இன்னொரு கோடு. சிலிகான் பூசினால் அதன் புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை, ஒரு நாளாவது, வூஃபரை மாட்ட வேண்டாம். வூஃபர் வட்டத்துக்கு ஃபோம் டேப். எல்லாம் ஆனபின் கோனை விரல்களால் மெதுவாக உள்ளே அமுக்கி விடுங்கள். சோம்பேறித்தனமாகத் திரும்பி வந்தால் காற்றுப்புகாமல் இருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது; பெரும்பாலும் ஸ்பீக்கர் டெர்மினல் தட்டுக்குப் பின்னால்.

டிக்கிக்குள் மழைத்தண்ணீர் வரும் வண்டி என்றால் எம்டிஎஃப் வேண்டாம், மரைன் பிளைவுட். எம்டிஎஃப் ஒருமுறை நனைந்தால் ரஸ்க் மாதிரி ஊதிவிடும்.

பெட்டியைத் தரையோடு பெல்ட் போட்டுக் கட்டுங்கள். பதினெட்டு கிலோ டிக்கியில் சும்மா நின்றால், முட்டி நிற்கும் நேரத்தில் பின் சீட்டில் இருப்பவர் முதுகுக்குத்தான் வரும்.

#7 அலைவரிசை

பெட்டிக்கடை அண்ணன் சொன்னதில் பாதிக்கு எதிர்ப்பு. அதே 300 வாட்டில் போர்ட்டட் பெட்டி 35 முதல் 50 ஹெர்ட்ஸில் நன்றாகவே சத்தம் கூட்டும். வாட் விலை கொடுத்து வாங்குவது, பெட்டி மரம்தானே.

50 லிட்டர், 34 ஹெர்ட்ஸ் டியூனிங் (பைப்பும் பெட்டியும் ஒத்து அதிரும் அலைவரிசை) என்றால் உள்விட்டம் 10 சென்டிமீட்டர் பிவிசி பைப் ஒன்று, நீளம் 33. பிளம்பிங் கடையில் 110 மில்லிமீட்டர் பைப் கேட்டால் ஏறக்குறைய அதுதான். பைப்பே 3 லிட்டர் இடம் பிடிக்கும்; வூஃபருக்கு 2. எனவே காலிப் பெட்டி 55 லிட்டர் இருக்கணும். பைப்பின் உள்முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி, இல்லையென்றால் டியூனிங் கீழே சரியும், காற்றும் இரையும்.

ஆனால் ஆம்பில் சப்சானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) இல்லை என்றால் போர்ட்டட் பக்கம் வராதீர்கள். டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து வைக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. 25 ஹெர்ட்ஸ் வந்தால் கோன் வெளியே துள்ளும், காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) போய் இடிக்கும். 34-க்கு டியூன் செய்தால் ஃபில்டர் 28 பக்கம்.

#8 பெட்டிக்கடை

கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டது பாதி டிக்கி. 55 லிட்டர் உள்ளளவு, மரத்தோடு 75 பக்கம் போகும். கூடவே இன்னொன்று: சின்ன ஹேட்ச்பேக் கேபினே 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும். சீல்டு பெட்டி கீழே மெதுவாக இறங்கும், கேபின் மெதுவாக ஏற்றும், இரண்டும் சமன். பேஸ் கிதாரின் அடித்தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். அது சீல்டில் குறையில்லாமல் வரும். தவில், பறை அடி எல்லாம் சீல்டில் கேட்டால் அடிச்சு நிக்கும். போர்ட்டடில் கொஞ்சம் வால் இழுக்கும்.

#9 அலைவரிசை

வால் இழுப்பது டியூனிங் தப்பாகச் செய்த பெட்டியில். சரி, டிக்கி அவருடையது, அவர் முடிவு.

#10 ஓம்விதி

சப் வாங்கும் முன் காயில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கடையில் அவசரத்தில் தப்புவது இதுதான். டூயல் 4 ஓம் காயில் என்றால் இரண்டையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8. டூயல் 2 ஓம் என்றால் பேரலல் 1, சீரிஸ் 4. உங்கள் மோனோ ஆம்ப் 2 ஓம் வரை தாங்கும் என்றால் டூயல் 4 வாங்கி பேரலல். டூயல் 2-ஐ பேரலலாக மாட்டினால் பாதி வால்யூமிலேயே சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப் நிற்கும்.

இணைத்ததும் ஆம்பில் சொருகும் முன் மீட்டரில் பாருங்கள். டூயல் 4 பேரலல் என்றால் 1.6 முதல் 1.9 ஓம் காட்டும். டிசி-யில் காயில் கொஞ்சம் குறைவாகவே காட்டும், அது சரிதான். 3.5 காட்டினால் ஒரு காயில்தான் சேர்ந்திருக்கிறது. இன்னொரு தவறு மீட்டரில் தெரியாது: ஒரு காயிலை பிளஸ்-மைனஸ் மாற்றிக் கொடுப்பது. இரண்டு காயிலும் கோனை எதிரெதிராக இழுக்கும். சத்தம் ஏறக்குறைய இருக்காது, காயில் மட்டும் சூடாகும். சத்தம் வரவில்லையே என்று வால்யூமை ஏற்றினால் கருகிய வாடை வரும்.

வாரண்டி பற்றி. வெட்டிய ஒயரைக் காட்டி எலக்ட்ரிகல் கிளெய்மை மறுப்பது சர்வீஸ் சென்டருக்குச் சுலபம். செட்டின் கப்ளருக்கும் வண்டியின் கப்ளருக்கும் நடுவே சொருகும் டி-ஹார்னஸ் உங்கள் மாடலுக்கென்றே கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து பின் ஸ்பீக்கர் சிக்னல் நான்கு கம்பிகளாக வெளியே வரும். வண்டியை விற்கும்போது உருவி எடுத்துவிடலாம். கிடைக்காவிட்டால் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க். அந்த நீலக் கடி கிளிப் வேண்டவே வேண்டாம், அது இழைகளை வெட்டித்தான் பிடிக்கும்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிகல் ஆக்சசரியாக பில்லோடு சேர்க்கச் சொல்லுங்கள், பாலிசியில் ஐஎம்டி 24 என்று வரும். சேர்க்கவில்லை என்றால் திருட்டுக்குக் காசு கிடையாது.

#11 சாலையோரம்

குறுக்கே ஒரு கேள்வி. ஹேட்ச்பேக்கில் 4 சேனல் ஆம்ப், இரண்டு சேனல் முன் கதவுக்கு, மீதி இரண்டு பிரிட்ஜ் ஆகி (ஒன்றாய்ச் சேர்ந்து) சப்புக்கு. எல்ஓசி வழியா சிக்னல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே "உய்ய்ய்" என்று ஏறி இறங்குது. கடைக்காரர் சப் ஒயரை மாற்றச் சொல்றார்.

#12 ஓம்விதி

சப் ஒயரை விட்டுவிடுங்கள். அது ஆல்டர்னேட்டர் விசில். சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து மேலே இருக்கும். 80 ஹெர்ட்ஸில் வெட்டிய சப்பால் அதைப் பாட முடியாது. சத்தம் கதவிலிருந்துதான் வரும்.

ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்ற திருகு) முழுக்கக் குறையுங்கள். விசில் அப்படியே இருந்தால் ஆம்பின் பவர் அல்லது எர்த் பக்கம். கெயினோடு சேர்ந்து குறைந்தால் சிக்னலோடு வருகிறது. அடுத்து ஆம்பை அணைத்து ஆர்சிஏ-வை உருவி மறுபடி ஆன் செய்யுங்கள். விசில் போய்விட்டால் எல்ஓசி அல்லது அதற்கு முன்னால்.

எல்ஓசி என்றால் அதன் எர்த் ஒயரைத் தேடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் சுற்றியிருக்கும், ஆம்ப் எர்த் டிக்கியில் இருக்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள சில மில்லிவோல்ட் வித்தியாசம் ஆர்சிஏ-வின் உறை வழியே ஓடுகிறது, அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது. எல்ஓசி-யை ஆம்புக்கு அருகே கொண்டுவந்து எர்த்தை அதே போல்ட்டில் கொடுங்கள். நீளமாக வரவேண்டியது ஸ்பீக்கர் லெவல் சிக்னல், 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயரை ஜோடியாக முறுக்கி இழுத்தால் போதும், அதில் இரைச்சல் லேசில் ஏறாது.

பவர் ஒயர் ஒரு பக்கக் கதவுக்கீழ் தகட்டுக்குள், சிக்னல் எதிர்ப்பக்கம். குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கட்டும்.

பிரிட்ஜ் செய்த இரண்டு சேனலும் ஒவ்வொன்றும் பாதி ஓமைத்தான் பார்க்கும். சப் 4 ஓமுக்குக் கீழே இருக்கக் கூடாது, அதையும் ஒருமுறை பாருங்கள்.

#13 சாலையோரம்

எல்ஓசி எர்த் கிளைமேட் கன்ட்ரோலுக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூவில் இருந்தது. ஆம்ப் போல்ட்டுக்கு மாற்றியதும் விசில் போச்சு. சப் 4 ஓம்தான்.

#14 டிக்கி268

1 ஃபாரட் கப்பாசிட்டர் ஒண்ணு போட்டால் ஹெட்லைட் மினுக்காது என்கிறார்கள், தேவையா? அப்புறம் கெயினை எப்படி வைப்பது?

#15 கம்பிக்காரன்

14.4 வோல்ட்ல இருந்து 12-க்கு இறங்கும்போது 1 ஃபாரட் கொடுக்கறது 32 ஜூல் கூட இல்ல. உன் ஆம்ப் 350 வாட் இழுத்தா பத்துல ஒரு செகண்டுக்குள்ள காலி. அப்புறம் அதை நிரப்பறதும் அதே ஆல்டர்னேட்டர்தான். லைட் மினுக்கினா எர்த்தைத் தேய், பேட்டரி முனையைச் சுத்தம் பண்ணு, பானெட்ல இருக்கிற இன்ஜின் எர்த் பட்டையைப் பாரு. அந்தக் காசுக்கு நல்ல ஃப்யூஸ் ஹோல்டர் வாங்கு.

#16 அலைவரிசை

கெயின் என்பது வால்யூம் திருகு கிடையாது. செட் தரும் உச்ச சிக்னலை ஆம்பின் உச்சத்தோடு பொருத்தும் திருகு. செய்முறை:

50 ஹெர்ட்ஸ் சைன் டோனை 0 டெசிபெலில் வேவ் ஃபைலாகப் பென்டிரைவில் ஏற்றுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில், ஃபேடர் நடுவில். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம், லோ பாஸ் (மேல் ஒலியை வெட்டும் ஃபில்டர்) முழுக்கத் திறந்து, கெயின் முழுக்கக் குறைத்து. சப் ஒயரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வீடு அதிரும். இன்ஜின் ஓடட்டும்.

செட் வால்யூம் உச்சத்தில் நான்கில் மூன்று பங்கு. மீட்டரை ஏசி-யில் வைத்து ஆம்ப் அவுட்புட்டில் பிடித்து, குறித்த வோல்ட் வரும்வரை கெயினை ஏற்றுங்கள். அந்த வோல்ட், வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. 275 வாட், 2 ஓம் என்றால் 23.5. 4 ஓமுக்கு ஆம்ப் 180 வாட் தருமானால் 26.8. 50 ஹெர்ட்ஸ் எடுப்பதற்கு ஒரு காரணம், சாதா மீட்டர்கள் வீட்டு கரண்டை அளக்கச் செய்தவை, 50 ஹெர்ட்ஸில் ஒழுங்காகக் காட்டும்.

அதன் பிறகு ஆம்பை அணைத்து, சப்பை மாட்டி, லோ பாஸை 80-க்குக் கொண்டுவாருங்கள். ஃபேஸ் சுவிட்ச்: ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு 0, 180 இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி.

மீட்டருக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. செட்டே உச்சியில் வெட்டுப்பட்டுத் திரிந்த சிக்னலைத் தந்தால் அதற்குத் தெரியாது. அதனால் முதலில் கதவு ஸ்பீக்கர் ஒயரிலேயே அளந்து, வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். வோல்ட் ஒரே சீராக ஏறிவந்து எங்கே தயங்குகிறதோ, அதற்கு இரண்டு படி கீழே உங்கள் உச்ச வால்யூம்.

#17 மழைக்காலம்

இதில் யாரும் சொல்லாதது ஒன்று. பல கம்பெனி செட்கள் வால்யூம் ஏற ஏறப் பேஸைத் தாமே குறைக்கும், கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கிழியக்கூடாது என்று. 15-இல் சப் கும்மும், 28-இல் மெலியும். பலர் இதை ஆம்ப் கோளாறு என்று நினைத்து ஆம்பை மாற்றுகிறார்கள். சோதனை சுலபம்: 40 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் இரண்டு டோனையும் அதே ஸ்பீக்கர் ஒயரில், வால்யூம் 10, 20, 30-இல் அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறினால் கவலையில்லை. 40 மட்டும் பின்தங்கினால் செட்தான் வெட்டுகிறது. பேஸ் திருகை ஏற்றி அதை ஈடுகட்ட முடியாது. டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) அல்லது பேஸ் மீட்புச் சுற்று உள்ள எல்ஓசி வேண்டும். ஆடியோகன்ட்ரோல் எல்சி2ஐ என்ற எல்ஓசி-யில் இருக்கும் அக்யூபேஸ் இதற்கென்றே இருப்பது.

கதவு ஸ்பீக்கருக்கும் ஒரு வார்த்தை. சப் வந்தபின் அவை 50 ஹெர்ட்ஸை முனக வேண்டியதில்லை. பிளஸ் ஒயரில் 330 மைக்ரோஃபாரட் நான்-போலார் கப்பாசிட்டர் ஒன்று; 4 ஓமில் 120 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். பின் கதவுக்குப் போட்டால் சிக்னல் தட்டும் இடத்துக்கு அப்புறம் போடுங்கள். முன்னால் போட்டால் சப்பின் பேஸையே வெட்டினவர் ஆவீர்கள்.

#18 சிஎன்ஜிக்காரர்

டிக்கியில் சிலிண்டர் இருந்தால் என்ன செய்வது? எலக்ட்ரிக் வண்டிக்கும் இதே முறைதானா?

#19 கம்பிக்காரன்

சிஎன்ஜி வண்டியில சிலிண்டர் பக்கத்துல ஆம்பும் வேண்டாம், எர்த் போல்ட்டும் வேண்டாம். சீட்டுக்கு அடியில வைக்கிற 8 அங்குல ஆக்டிவ் சப், ஆம்ப் உள்ளேயே இருக்கும், அதோட நிறுத்திக்கோ. சீட்டுக்கு அடியில மஞ்சள் கப்ளர் பாத்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி மைனஸைக் கழட்டிச் சில நிமிஷம் விட்டுட்டுத்தான் அதைத் தொடணும். அதை உருவிவிட்டு இக்னிஷன் போட்டா டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு நின்னு எரியும். ஏசி டிரெயின் அடைச்சா தண்ணி முன் மேட்டுக்குத்தான் வரும். சப்பை ரெண்டு விரல் உயரத்துல தூக்கி வை.

எலக்ட்ரிக் வண்டியில 12 வோல்ட் பேட்டரியிலதான் எடுக்கணும். அதை நிரப்பறது டிசி கன்வெர்ட்டர், வண்டி ரெடியில இருக்கும்போது. நிறுத்தி வெச்சுப் பாட்டு கேக்கறப்பவும் ரெடியிலயே வை. ஆரஞ்சு ஒயர் எங்கே பாத்தாலும் கையை எடு, அது ஹை வோல்டேஜ்.

#20 டிக்கி268

முடிவு செய்தது இது. ஹை லெவல் இன்புட், ஆட்டோ ஆன் உள்ள மோனோ ஆம்ப், 30 ஆம்பியர் ஃப்யூஸ். டூயல் 4 ஓம் 12 அங்குல சப், 28 லிட்டர் சீல்டு. 4 கேஜ் செம்பு, இடது பக்கமா. சிக்னல் டி-ஹார்னஸில் இருந்து வலது பக்கமா. 60 ஆம்பியர் ஃப்யூஸை ஆம்புக்குப் பக்கத்தில், டிக்கியில் வைக்கச் சொல்லியிருக்கேன், மாத்தறது சுலபம். சனிக்கிழமை வேலை.

#21 கம்பிக்காரன்

எல்லாம் சரி, ஃப்யூஸ் மட்டும் தப்பு. பேட்டரியில இருந்து 45 சென்டிமீட்டருக்குள்ள, பானெட்லயே. அந்த ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாத்த இல்ல, ஆம்புக்கு அதோட ஃப்யூஸ் இருக்கு. இது ஒயரைக் காப்பாத்த. ஒயர் இன்ஜின் பக்கத்துல இருந்து கேபினுக்குள்ள வர்ற ஓட்டையில தகடு ரப்பரை அறுத்துச்சுன்னா பேட்டரி நூத்துக்கணக்குல ஆம்பியரைத் தள்ளும். நீ டிக்கியில வெச்ச ஃப்யூஸ் வேடிக்கை பாக்கும், மேட்டுக்கு அடியில ஒயர் எரியும். அந்த ஓட்டையில ரப்பர் குரோமெட் இருக்கணும், பானெட் பக்கம் முழுக்க நெளி டியூப் போடணும்.

வரிசை: முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டு. ஒயர் எல்லாம் இழு, எர்த், ஆம்ப், சப் மாட்டு. ஃப்யூஸ் ஹோல்டர்ல ஃப்யூஸ் இல்லாம பிளஸ் லக்கை மாட்டு. மைனஸை மாட்டு. கடைசியா ஃப்யூஸைப் போடு. போடும்போது சின்னப் பொறி வரும், அது ஆம்புக்குள்ள இருக்கிற கப்பாசிட்டர் நிரம்பறது, பயப்படாதே.

நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி ஃபோம் டேப் வாங்கி வெச்சுக்கோ.